வெட்டுப்பட்ட கடைசி வரி

என் அண்ணி நாளொன்றுக்கு நாற்பதாயிரம் பக்கம் வெட்டுவார். கத்திரிக்கோலைக் கையால் தொடுவதில்லை. ஆனாலும் அவர் வேலை பார்த்த கூடத்தில் எல்லோரும் அவரைக் கத்திரியக்கா என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தால்கூட, "கத்திரியக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உன்னைத்தான்" என்று போனை நீட்டுவார்.

அது தேர்வு விடைத்தாள்களைப் படமாக்கும் கூடம். மின்பணியாளர், கொதிகலன் இயக்குபவர், லிஃப்ட் மேற்பார்வையாளர் போன்ற தொழில் உரிமத் தேர்வுகள். தாள்கள் மூட்டை மூட்டையாக அரக்கு முத்திரையோடு வந்து இறங்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் தையலைப் பிரித்து, விரித்த தாளை ஸ்கேனருக்கு ஊட்டுவார்கள். போன வருடம் நானும் அங்கே இரண்டு மாதம் தாள் ஊட்டியிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடிகளின் உள்பக்கம் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெளியே மழையா வெயிலா என்று மத்தியானம் சாப்பிட எழுந்து போகும்போதுதான் தெரியும். வாசலில் ஒரு மரத்தட்டு. பேனா, செல்போன், துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

விரித்த தாள் ஒன்றில் இரண்டு பக்கங்கள் இருக்கும். மென்பொருள் முதலில் படத்தை நடுவில் பிளக்கும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று துண்டாக்கும். மேல்துண்டில் எழுதியவரின் எண் இருக்கும். அதைத் தனியாகப் பூட்டி வைப்பார்கள். நடுத்துண்டு, பெரிய கட்டம் போட்ட இடம். விடை அதற்குள் இருக்கும். திருத்துகிறவரின் திரைக்கு அது மட்டுந்தான் போகும். கீழ்த்துண்டில் அச்சகத்தின் பெயரும் பக்க எண்ணும். அது குப்பைக்கு. எல்லாம் முடிந்ததும் விளிம்பைத் துடைக்கும் வேலை ஒன்று உண்டு. வெட்டிய ஓரத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிற கறை, நிழல், பாதி எழுத்து எதுவாக இருந்தாலும் மென்பொருள் அதை வெள்ளையாக்கிவிடும். ஒருவருடைய மூன்றாம் விடையை ஓர் ஊரில் ஒருவர் திருத்துவார், நான்காம் விடையை இன்னோர் ஊரில் இன்னொருவர். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இத்தனை வெட்டு.

வெட்டும் அளவைக் குறித்துக் கொடுப்பதும், வெட்டி விழும் துண்டுகளைப் பார்ப்பதும் அண்ணியின் வேலை. திரையில் ஒரே நேரத்தில் நூறு துண்டுகள் சின்னச் சின்னதாக ஓடும். கோணலாக வந்தது, தலைகீழாக வந்தது, ஊட்டுகிறவரின் விரல் படத்தில் விழுந்தது, இவற்றையெல்லாம் அந்த ஓட்டத்திலேயே பிடித்துத் தள்ளிவிடுவார். போன வருடம் ஒருநாள் வீட்டுக்கு வந்ததும், "தம்பி, உன் கட்டைவிரல் இன்னிக்கு மூணு விடைத்தாள்ல உக்காந்திருந்துச்சு. கொதிகலன் பரீட்சை எழுதுற ஆசையிருந்தா நேரா எழுத வேண்டியதுதானே" என்றார்.

துண்டுகளைப் பார்க்கலாம், படிக்கக் கூடாது. இது விதி. அண்ணிக்கு அது விதியாகவே பட்டதில்லை. "படிச்சா கண்ணு நின்னுடும். கண்ணு நின்னா நூறு பக்கம் போயிடும்" என்பார். என் அலமாரியில் இருக்கும் கவிதைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு தடவை சொன்னார்: "பக்கத்துக்கு அஞ்சு வரி. மிச்சமெல்லாம் வெள்ளை. இதை எங்க மென்பொருள்ல போட்டா, வெத்துப் பக்கம்னு மொத்தத்தையும் தூக்கி எறிஞ்சிடும்."

அவருடைய அப்பா தையல்காரர். துணியை ஒருமுறை வெட்டிவிட்டால் வெட்டியதுதான் என்று பயந்து பயந்து வளர்ந்த வீடு. கல்யாணத்துக்கு முன்பு ஒரு போட்டோ ஸ்டூடியோவில், கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் முகங்களை அளவாக வெட்டிக்கொண்டிருந்தார். அங்கேதான் ஒரே கட்டளையில் முந்நூறு முகங்களை வெட்டும் வித்தையைத் தானாகவே கற்றுக்கொண்டார். இந்தக் கூடத்துக்கு வந்தபோது அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று. மூலப்படம் அப்படியே உள்ளே பத்திரமாக இருக்கும். வெட்டியது தப்பென்றால் திரும்ப வெட்டலாம். "எங்கப்பா இருந்து பாத்திருக்கணும்" என்பார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில் எல்லாம் மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் சின்ன இயந்திர அறைகள் அவருக்கு அத்துப்படி. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் நாலு வார்த்தை "சரி". ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. பழுது பார்த்ததும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேசை இல்லாத அறைகள் என்பதால் சுவரில் வைத்தே எழுதிப் பழகியவர். அவருடைய வரிகள் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறும். எண்களைச் சுற்றி வட்டம் போடுவார். எழுதி முடித்த இடத்தில் அழுத்தமாக இரண்டு சாய்கோடு. பல வருடங்களுக்கு முன்னால் ஒருவன் அவருடைய குறிப்புக்குக் கீழே தன் இஷ்டத்துக்கு ஒரு வரியைச் சேர்த்துவிட்டான். மூன்று நாள் விசாரணைக்கு அலைந்தார். அன்றிலிருந்து எதை எழுதினாலும் அந்தக் கோடுகளைப் போட்டு அடைத்துவிடுவார். வீட்டுக் கதவில் ஒட்டும் சீட்டில்கூட, 'சாவி பக்கத்து வீட்டில்' என்று எழுதி இரண்டு கோடு. "ராஜா உத்தரவு போட்டாச்சு, இனி மந்திரிகூட மாத்த முடியாது" என்று அண்ணி சிரிப்பார்.

மேற்பார்வையாளர் உரிமம் இருந்தால் லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் இறங்க வேண்டாம். கீழே நின்று வேலை வாங்கலாம். அண்ணனுக்கு நாற்பத்தொன்று ஆகிறது, முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. அந்தத் தேர்வை அவர் இரண்டு தடவை எழுதியிருந்தார், இரண்டு தடவையும் கோட்டை விட்டார். இரண்டாவது தடவை முடிவு வந்த அன்று புத்தகங்களை எல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, "இத்தோட சரி" என்றார். அண்ணியும் அதை நம்பினார். இந்த வருடம் லிஃப்ட் தேர்வுத் தாள்கள் கூடத்துக்கு வருவதற்கு முன்னால், 'இத்தேர்வை எழுதுவோரில் என் நெருங்கிய உறவினர் எவரும் இல்லை' என்ற உறுதிமொழிப் படிவத்தை நீட்டியபோது யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் உட்கார்ந்து மடித்தேன். அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை.

"தம்பி, உங்கண்ணன் போன மாசம் ஞாயித்துக்கிழமை ஒரு நாள் ஓவர்டைம்னு போனாரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அன்று அண்ணன் திரும்பி வந்தபோது சட்டையில் கிரீஸ் கறையே இல்லை. வலது நடுவிரலில் மட்டும் மை. நான் பார்த்தேன். பார்த்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"பரீட்சை எழுதினாரா அண்ணி?"

மடித்த துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தோணுச்சு."

"தோணுனதை வாயைத் திறந்து சொல்ல மாட்டியா? இந்த வீட்டு ஆம்பளைங்க வாய்க்கு யாரு பூட்டுப் போட்டது? சாவியாவது எங்கேன்னு சொல்லுங்கடா சாமி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அன்று மத்தியானம் துண்டுகள் ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்றில் கண் நின்றது. வரிகள் மேலே ஏறியிருந்தன. எண்களைச் சுற்றி வட்டம். படிக்காமலே தெரிந்துவிட்டது. ஒருவருடைய பக்கங்கள் வெட்டும்போது வரிசையாகத்தான் வரும். கலைத்துப் பிரிப்பதெல்லாம் பிறகு. ஓட்டத்தை நிறுத்திவிட்டு இருபத்துநாலு பக்கங்களையும் பார்த்திருக்கிறார். தெரிந்த கையெழுத்தைக் கண்டால் உடனே கையைத் தூக்கிவிட்டு இருக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். அதுவும் விதி. அவர் எழுந்திருக்கவில்லை.

"எழுதினதைச் சொல்லலைன்னு கோபமா அண்ணி?"

"அது இருக்கட்டும், அதை அப்புறம் வச்சுக்கறேன். பாதிப் பக்கத்துல முடிஞ்ச பதில்ல எல்லாம் ரெண்டு கோடு இருக்கு. பக்கம் நிறைய எழுதின பதில் மூணு. மூணுலயும் கோடு இல்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"உங்கண்ணன் கோடு போடாம பேனாவை மூடுற ஆளா? இருந்த கோட்டை நான் வெட்டியிருக்கேன். கோட்டுக்கு மேல இருந்த வரியையும் சேத்து வெட்டியிருக்கேன். கீழ்த்துண்டோட குப்பைக்குப் போயிருக்கு."

வெட்டுப்பட்டிருந்தால் பாதி எழுத்தாவது தெரிந்திருக்குமே என்று கேட்டேன். விளிம்பைத் துடைக்கும் வேலை அதைத்தான் துடைத்துவிடுகிறது என்றார். திருத்துகிறவரின் கண்ணில் விடை சுத்தமாகத்தான் தெரியும். நேரம் போதாமல் பாதியில் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மார்க்கைக் குறைப்பார். எழுதியவர்களுக்கோ தங்கள் துண்டைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. தேர்வுத் தாள்களில் முக்கால்வாசி அப்படித்தான் தொங்கலில் முடியும். எது எழுதியவர் விட்டது, எது கூடத்தில் வெட்டியது என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. ஒருவர் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார் என்று சத்தியம் செய்யக்கூடிய ஆள் அந்தக் கூடத்தில் ஒருத்தர்தான், ஒரே ஒரு தாளுக்குத்தான்.

"அவரு தாள்ல மட்டும் ஆகியிருக்காது தம்பி. மெஷினுக்கு இவரு மேல மட்டும் என்ன விரோதம்?"

மூலப்படத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதைத் திறக்கும் அதிகாரம் கண்காணிப்பாளரிடம் மட்டுமே இருந்தது. எதற்கெடுத்தாலும் முத்திரை குத்துகிறவர் என்பதால் கூடத்தில் அவருக்கு முத்திரை சார் என்று பெயர். எந்தப் பக்கம், என்ன காரணம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தால்தான் திறப்பார். காரணத்தை எழுதினால் உறுதிமொழி பொய்யாகும், அண்ணியின் வேலை போகும். உறவினர் கைபட்ட தாள் என்று அண்ணனுடைய தேர்வையும் ரத்து செய்துவிடுவார்கள். எழுதாவிட்டால் அண்ணனுக்கு மூன்று வரிகள் மட்டுமே நஷ்டம். அந்த மூன்று வரிகள் இல்லாமலும் அவர் தேறிவிடக்கூடும். வியாழக்கிழமை சாயங்காலம் துண்டுகள் திருத்துகிறவர்களுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"வேற யாரோட பக்கத்தையாவது காட்டி, சந்தேகமா இருக்குன்னு கேளுங்க அண்ணி."

"அதைத்தான் நாளைக்குச் செய்யப் போறேன்."

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். அண்ணி டீ கொடுத்தார். அண்ணன் "சரி" என்று வாங்கிக்கொண்டார். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் அண்ணி எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் தம்ளருக்குள் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

மறுநாள் அண்ணி, பக்கம் நிறைய எழுதியிருந்த வேறு மூன்று பேரின் துண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார். முத்திரை சார் ஒவ்வொன்றாகத் திறந்தார். மூன்றும் சரியாக இருந்தன. வெட்டுக்கோட்டுக்குக் கீழே வெறும் அச்சகப் பெயர். நாலாவது எண்ணைச் சொன்னபோது, "போதும்மா. வெறும் சந்தேகத்துக்கு எல்லாம் பெட்டியைத் திறந்துக்கிட்டிருந்தா பெட்டி எதுக்கு?" என்று மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணிக்குப் பதிலாகப் பாத்திரங்கள்தான் பேசின. அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி என்னவென்று கேட்டார். நான் தெரியாது என்று தலையாட்டினேன். தெரியாது என்று தலையாட்டுவதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பழக்கம்.

வியாழக்கிழமை நடந்ததை அண்ணியும் சொன்னார், பக்கத்து இருக்கையில் இருந்தவரும் பிறகு சொன்னார். தடிமனான கண்ணாடி போட்ட அந்த மனிதரைக் கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

பதினோரு மணிக்கு அண்ணி எழுந்து போய்ப் படிவத்தைக் கேட்டார்.

"கத்திரியம்மா, நேத்து மூணு கேட்டீங்க, மூணும் பத்தரைமாத்து. இன்னிக்கு என்ன?"

"ஒண்ணே ஒண்ணு சார்."

"காரணத்தை ஒழுங்கா எழுதுங்க. சந்தேகம்னு எழுதினீங்கன்னா இங்கேயே கிழிச்சிடுவேன்."

அண்ணி எழுதினார். 'இது என் கணவரின் கையெழுத்து. அவர் தேர்வு எழுதியது இத்தாளைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. முடித்த இடத்தில் இரண்டு கோடு போடாமல் அவர் எதையும் விட்டதில்லை. இந்தத் துண்டில் கோடு இல்லை. கீழே வெட்டுப்பட்டிருக்க வேண்டும்.'

முத்திரை சார் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். கூடத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதைக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"நான் இன்னும் முத்திரை குத்தலை. வேற படிவம் தரேன். வேற ஏதாவது எழுதிக் கொடுங்க."

"வேற எழுதினா நீங்க திறக்க மாட்டீங்களே சார்."

அவர் மூலப்படத்தைத் திறந்தார். திரையில் பக்கம் முழுசாக வந்தது. கட்டத்தின் அடிக்கோடு, வெட்டுக்கோட்டுக்கு ஒரு விரல் அகலம் கீழே இருந்தது. அந்த ஒரு விரல் அகலத்துக்குள் மேலே ஏறிப் போகும் ஒரு வரியும், அதன் முடிவில் இரண்டு சாய்கோடும். "ஆமா" என்று மட்டும் சொன்னாராம் முத்திரை சார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விஷயம் அரை மணி நேரத்தில் தெளிவானது. விடைத்தாள்களை இரண்டு அச்சகங்கள் அடித்திருந்தன. இரண்டாவது அச்சகத்தின் தாள்களில் கட்டம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மென்பொருளுக்குக் கொடுத்த அளவு முதல் அச்சகத்தின் தாளை வைத்து எடுத்தது. ஆரம்பத்தில் சோதித்த ஐம்பது தாள்களும், முந்தின நாள் அண்ணி கேட்ட மூன்றும் முதல் அச்சகத்துத் தாள்களாகவே அமைந்துவிட்டன. இரண்டாவது அச்சகத்தின் பன்னிரண்டு மூலப்படங்களை முத்திரை சார் அடுத்தடுத்துத் திறந்தார். பக்கம் நிறைய எழுதிய பன்னிரண்டு பேருக்கும் கடைசி வரி போயிருந்தது. அந்தத் தாளில் எழுதியவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். கூடத்தில் எப்போதும் இருக்கும் அந்த உறுமல் நின்றபோது, சுவர்க்கடிகாரம் ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது என்றார் சோடாபுட்டி.

அண்ணிக்குத் தன் மேசைக்குத் திரும்ப அனுமதி இல்லை. வாசலில் மரத்தட்டிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டவர், உள்ளே எட்டிப் பார்த்து, "சோடா, அளவு வச்சு வெட்டாதே. ஒவ்வொரு பக்கத்துலயும் கட்டத்தோட கோட்டைத் தேடிப் பிடிச்சு வெட்டச் சொல்லு. அப்படி ஒரு வசதி அதுல இருக்கு. விளிம்புத் துடைப்பை நிறுத்திடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பது வருட வேலையில் அவர் அங்கே கடைசியாகச் சொன்னது அதுதான்.

சாயங்காலம் அண்ணன் வரும்போது அண்ணி வீட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். "நீயும் இரு" என்றார்.

"சீக்கிரம் வந்துட்டியா?" என்றார் அண்ணன்.

"அனுப்பிட்டாங்க. மூணாவது தடவையும் எழுதினீங்களாமே."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவனைப் பாக்காதீங்க. அவன் எதைத்தான் சொன்னான் இதுவரைக்கும்? நீங்களேதான் சொன்னீங்க, திரையில வந்து."

நடந்ததை அண்ணி முழுக்கச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, தன் பக்கம் சாய்க்கவும் இல்லை. அண்ணன் ஒரு கால் செருப்போடு நின்றபடியே கேட்டார்.

"சும்மா இருந்திருக்கலாம்ல? மூணு வரிதானே. அது இல்லாமலும் பாஸாகியிருப்பேன்."

"ஆகியிருப்பீங்க."

"அப்புறம் என்ன?"

"நாலாயிரம் பேருங்க."

"நாலாயிரம் பேரும் எனக்கு மாமனா மச்சானா?"

"எனக்கும் யாருமில்ல. ஆனா எல்லாரையும் வெட்டினது நான்தானே."

அண்ணன் இன்னொரு செருப்பைக் கழற்றாமலே மறுபடி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். படியில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும் சத்தம் கேட்டது. எங்கள் கட்டடத்திலும் லிஃப்ட் உண்டு. கோபம் வந்தால் அவர் அதில் ஏற மாட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டில் பேச்சு என்பதே துண்டு துண்டாகத்தான் நடந்தது. "சாப்பாடு." "சரி." "சாவி." "சரி." எதிரெதிரே இருந்துகொண்டே என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். "உங்கண்ணனுக்குச் சட்டை அங்க இருக்குன்னு சொல்லு." "உங்கண்ணிகிட்ட பாத்துட்டேன்னு சொல்லு." நான் அதிகம் பேசிய மாதம் அதுதான்.

முடிவு வெளியானபோது அண்ணனின் எண்ணுக்கு நேரே 'ரத்து' என்று இருந்தது. அதோடு ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பதாரர்மீது குற்றம் ஏதுமில்லை, ஆறு மாதம் கழித்து வரும் தேர்வை எழுதலாம் என்று. அண்ணிக்கும் தனியாக ஒன்று வந்தது. தேர்வுப் பணி எதிலும் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதே உறையில், கடைசி வரி மீட்கப்பட்டுத் திருத்தப்பட்ட தாள்களின் எண்ணிக்கையை யாரோ கையால் எழுதி வைத்திருந்தார்கள். கீழே பெயர் இல்லை. ஆனால் முத்திரை இருந்தது. அண்ணி இரண்டு கடிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பழைய ஸ்டூடியோவில் ஆள் தேவையா என்று விசாரிக்கப் போனார். இருந்தது. மறுபடியும் முகங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது பரணுக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தது. அண்ணன் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை விரித்து வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அண்ணி எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார். பாதி நறுக்கியதும் கத்தியை வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். படிக்கக் கூடாதுன்னு விதி. உங்களோடதைப் படிச்சேன்."

அண்ணன் நிமிர்ந்தார். அந்த ஒரு மாதத்தில் அண்ணி அவரிடம் நேராக முழு வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை.

"எதை?"

"கயிறு அறுந்தா என்னென்ன நடக்கும்னு வரிசையா எழுதச் சொன்ன கேள்வி. வேகம் கூடினதும் மேல ஒரு சக்கரம் பூட்டிக்கும், கீழ ஆப்பு ரெண்டு தண்டவாளத்தைக் கவ்விக்கும், பெட்டி நின்னுடும்னு எழுதியிருந்தீங்க. நிஜமாவா?"

"நிஜந்தான்."

"அப்ப கயிறு அறுந்தா விழாதா?"

"விழாது."

அண்ணி ஒரு பீன்ஸை எடுத்து இரண்டாக ஒடித்தார். "பதினாலு வருஷமா நீங்க வர அஞ்சு நிமிஷம் லேட்டானாலும், கயிறு அறுந்துடுச்சுன்னு மனசுக்குள்ள அழுதிருக்கேன். விழாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

"இப்பக் கேக்கறேன். அந்த வரிசையில ஆறு வரைக்கும் படிச்சேன். ஏழாவதைத்தான் நான் வெட்டிட்டேன். முத்திரை சார் திரையைத் திருப்பிட்டாரு. ஏழாவது என்ன?"

அண்ணன் புத்தகத்தை மூடினார், திறந்தார். என்னைப் பார்த்தார். நான் பீன்ஸைப் பார்த்தேன்.

"பெட்டி நின்னதும் உள்ள மாட்டிக்கிட்டிருக்கிறவங்ககிட்ட முதல்ல பேசணும். என்ன நடந்துச்சு, எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லணும். இல்லைன்னா பயந்துடுவாங்க."

அண்ணி அவரையே பார்த்தார். சிரிப்பதா, கையிலிருக்கும் பீன்ஸை அவர்மேல் எறிவதா என்று முடிவெடுக்காத முகம்.

"இதுக்கு எத்தனை மார்க்?"

"அரை மார்க்."

"அரை மார்க்குதானா?" என்றார் அண்ணி. பிறகு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சரி, அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லுங்க. வாயால" என்றார்.